அந்நியமாதல்: ஒரு கருத்தின் வரலாறு – 9
கைமாறிய கொல்லி

கொல்லிமலையைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிகப் பழைய செய்திகளில் ஒன்று, அது கைமாறிய செய்தி. மலையை ஆண்ட வல்வில் ஓரியை முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி போரில் கொன்றான். கொன்றவன் மலையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, சேரனுக்குக் கொடுத்துவிட்டான். அகநானூற்றின் 209-ஆம் பாட்டில் கல்லாடனார் இதைப் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். பாட்டின் நோக்கம் வேறு. தலைவியைப் பிரிந்து போனவன் அவளை மறக்க மாட்டான் என்று தோழி ஆறுதல் சொல்லும் இடம் அது. நமக்கு அதில் கிடைப்பது ஒரு நிலமாற்றத்தின் பதிவு. கொன்றவன் பெயர், இறந்தவன் பெயர், வாங்கியவன் குடி மூன்றும் தெரிகின்றன. மலையில் தினை விதைத்துக் கிளி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அன்று மாலை யாருடைய குடிகள் ஆனார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டதா என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை.

ஓரியின் வில்லைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் போய்ச் செருகியது என்பது அந்தப் புகழ். இன்றும் ஆண்டுதோறும் ஆடி 17, 18-இல் செம்மேட்டில் அரசு விழா எடுக்கிறது. ஆனால் ஓரியை விடவும் முக்கியமான பாத்திரம் இந்த வரலாற்றில் மலைதான். அது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. இத்தொடர் பேசிவரும் கருத்தின் எல்லா முகங்களையும் ஒரே இடத்தில் காணவேண்டுமானால், தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டத்தின் இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அந்நியமாதல் என்றால் இன்று நமக்கு மனம் சார்ந்த ஒன்றாகத்தான் தோன்றுகிறது. நகரத்துத் தனிமை, வேலையில் ஒட்டாமை, வீட்டிலேயே விருந்தாளியாக இருப்பது. முந்தைய இதழ்களில் பார்த்தபடி, ஐரோப்பாவில் அது முதலில் சொத்துச் சட்டத்தின் சொல். ரோமானியச் சட்டத்தில் ஒரு பொருளின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பதற்கு அந்தப் பெயர். நம் பத்திரங்களில் ‘வில்லங்கம், பராதீனம் ஏதும் இல்லை’ என்று எழுதுகிறோமே, அந்தப் பராதீனம்தான் அது. மனநிலை, மதம், உழைப்பு எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. 1762-இல் ரூசோ ‘சமூக ஒப்பந்த’த்தில் கேட்ட கேள்வி இந்தச் சட்டப் பொருளிலிருந்து பிறந்ததுதான்: நிலத்தை மாற்றிக் கொடுக்கலாம், ஒரு மனிதன் தன்னையே மாற்றிக் கொடுத்துவிட முடியுமா? ஒரு மக்கள் கூட்டம் தன்னை முழுதாக ஒரு மன்னனுக்குக் கொடுத்துவிட்டது என்று சொல்வதில் பொருள் உண்டா? இல்லை என்றார் ரூசோ. காரி கொல்லியைக் கொடுத்தபோது மலையோடு சேர்த்து மனிதர்களையும் கொடுத்தான். ரூசோ ஏற்க மறுத்த மாற்றம் அதுதான்.

இன்றைக்கு மலையில் வாழ்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்குவது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகள், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன், ஆளுக்கொரு மலையாகச் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று குடியேறினார்கள், கரியராமனைத் தெய்வமாகக் கொண்டுவந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளிலும் இது பதிவாகியிருக்கிறது. கதையின்படி பார்த்தால் அவர்களும் வந்தவர்கள்தாம். வந்து, காடு திருத்தி, மலையை நாடுகளாக வகுத்துக்கொண்டார்கள். வளவந்தி நாடு, வாழப்பூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று அந்தப் பிரிவுகள் இன்று ஊராட்சிகளின் பெயராகவே நிலைத்துவிட்டன. ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்று வழக்குத் தீர்க்க ஆள் இருந்தார்கள். நிலம் என்பது பள்ளத்தில் வயல், மேட்டில் கொல்லைக்காடு, அதற்கும் மேலே காடு.

மேலே இருந்த காடுதான் முதலில் போனது. 1792-இல் திப்பு சுல்தான் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி சேலம் வட்டாரம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. தொடக்கத்தில் மலையை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ரயில் தண்டவாளத்துக்குக் கட்டையும் எஞ்சினுக்கு விறகும் தேவைப்பட்ட பிறகுதான் காடு அரசின் கணக்குக்குள் வந்தது. ஜெர்மானிய வனவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ் சென்னை மாகாணத்துக்கு வந்து ஆலோசனை சொன்னார்; 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காட்டை வெட்டி எரித்துப் புனம் போட்டுச் சில ஆண்டு விளைவித்து, மண் இளைத்ததும் அடுத்த இடத்துக்கு நகரும் பழைய முறை, அந்தச் சட்டத்தின் கண்ணில் குற்றமாயிற்று. தாத்தா தேன் எடுத்த பாறை, பேரனுக்கு ரிசர்வ் காடு. அங்கே கல் நட்டு எல்லை கட்டியவர்கள் யாரையும் மலையைவிட்டு விரட்டவில்லை. வீடு அங்கேயேதான் இருந்தது. வீட்டைச் சுற்றியிருந்தது மட்டும் வேறொருவருடையதாகிவிட்டது.

இங்கே வரலாற்றில் ஒரு வேறுபாட்டைக் கவனித்தாக வேண்டும். இதே சென்னை மாகாண அரசு 1917-இல் கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி மாவட்டங்களின் மலைப்பகுதிகளுக்கென்று ஒரு சட்டம் செய்தது. மலைப்பழங்குடி ஒருவர் தம் நிலத்தைப் பழங்குடியல்லாத ஒருவருக்கு அதிகாரியின் அனுமதி இல்லாமல் மாற்றிக் கொடுத்தால் அது செல்லாது. வட்டிக்காரர்களிடம் மலை நிலம் போய்க்கொண்டிருந்ததைத் தடுக்கவே அந்தச் சட்டம். கோதாவரி மலைகளில் 1879-இல் ராம்பாக் கிளர்ச்சி வெடித்திருந்தது, அரசு பயந்திருந்தது. சேலம் மலைகள் அமைதியாக இருந்தன. அமைதியாக இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஒரே மாகாணம், ஒரே தலைமைச் செயலகம், ஒரே விதமான கடன். வடக்கே ஒரு நியாயம், இங்கே வேறொன்று. அதன் விளைவை இன்றுவரை அனுபவிக்கிறோம். இந்த இடத்துக்குக் கடைசியில் திரும்பி வருவேன்.

அந்தச் சட்டம் வந்த நேரத்தில் கொல்லிமலையில் ஓர் ஆங்கிலத் தம்பதி குடியிருந்தார்கள். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட். 1913-இல் மலையேறியவர்கள். கிறித்தவ மதத்தைப் பரப்ப வந்தவர்கள், அதை மறைக்கவும் இல்லை. இந்தத் தொடரில் அவர்களுக்கு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பாவில் சட்டத்துக்கு அடுத்தபடியாக அந்நியமாதலைப் பேசியது இறையியல். மனிதன் பாவத்தால் கடவுளிடமிருந்து விலகிப்போனவன், அயலானவன் என்பது பவுலின் நிருபங்களிலேயே இருக்கும் கருத்து. பிராண்ட் தம்பதி அந்த இறையியலோடுதான் வந்தார்கள். மலையில் அவர்கள் கண்டது வேறு வகை அந்நியம். ஜெஸ்ஸி முறையாகப் பட்டம் பெற்ற மருத்துவர் அல்ல, குறுகிய காலப் பயிற்சி பெற்றவர். அவரிடம் வந்தவர்களில் பலர் நரம்புச் சிலந்தியோடு வந்தார்கள். காலில் கொப்புளம் வெடித்து வெளியே நீளும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல், நாளுக்குக் கொஞ்சமாக இழுக்கவேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்தால் உள்ளே சீழ்பிடிக்கும். நோய்க்கு மூலம் கால் வைத்து இறங்கும் குளத்துத் தண்ணீர் என்று கண்டு, கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டச் சொல்லி ஊர் ஊராக அலைந்தார்.

மனிதன் கடவுளிடமிருந்து விலகிப்போனவன் என்ற அந்த இறையியலிலிருந்து சைவத்தின் பதில் வேறுபட்டது. சைவ சித்தாந்தம் உயிர் இறைவனை அறியாமல் கிடப்பதற்குக் காரணமாக ஆணவ மலத்தைச் சொல்கிறது. அது இடையில் நேர்ந்த வீழ்ச்சி அல்ல, செம்பில் களிம்பு போல உயிரோடு என்றும் இருப்பது. பதியாகிய இறைவனும் பசுவாகிய உயிரும் பிரிந்து இருந்ததே இல்லை, அறியாமல் இருந்ததுதான் குறை. கொல்லிமலைப் பெரியகோவிலூரில் உள்ள அறப்பளீசுவரரைப் பற்றி மலையில் சொல்லப்படும் கதை இதற்கு இசைவாக இருக்கிறது. நிலத்தை உழுதபோது ஏர்க்கொழு பட்டு வெளிப்பட்ட லிங்கம் அது, தலையில் தழும்பு இன்னும் இருக்கிறது என்பார்கள். 1841-இல் ஜெர்மானியத் தத்துவவாதி ஃபாயர்பாக், மனிதன் தன்னிடமிருந்த சிறந்ததையெல்லாம் பிடுங்கி வானத்தில் ஒரு கடவுளாக நிறுத்திவிட்டுத் தான் வறியவனானான் என்று எழுதினார். மார்க்ஸுக்கு வழி திறந்துவிட்ட கருத்து அது. ஆனால் உழுகிற காட்டில் காயத்தோடு எழுந்த தெய்வத்துக்கு அந்த விளக்கம் சரியாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

பிராண்ட் வீட்டுக்குத் திரும்புவோம். 1914-இல் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான், பால். கொல்லிமலையில் மரமேறித் திரிந்து வளர்ந்த பையன். தன் சிறு வயதில் கண்ட ஒரு காட்சியைப் பின்னாளில் அவர் எழுதியிருக்கிறார். ஒரு நாள் வீட்டுக்கு மூன்று ஆட்கள் மேலேறி வந்தார்கள். யார் வந்தாலும் வெறும் கையால் தொட்டு வைத்தியம் செய்யும் அப்பா அன்று தயங்கினார். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். கையுறை மாட்டிக்கொண்டு வந்து, வந்தவர்களின் காலைக் கழுவிக் கட்டுப் போட்டார். அம்மா ஒரு கூடையில் உணவு வைத்துத் தூரத்தில் வைத்தார். அவர்கள் போன பிறகு அவர்கள் உட்கார்ந்த இடத்தில் விளையாடக்கூடாது என்று கட்டளை. வந்தவர்களுக்குத் தொழுநோய். எல்லா ஊர்களாலும் தள்ளப்பட்டவர்கள், தங்களைத் தள்ளாத ஒரு வீடு என்று நம்பி வந்த இடத்திலும் தூரத்தில் நிறுத்தப்பட்டார்கள். அப்பாவின் முகத்தில் அன்று கண்ட பயம் அந்தச் சிறுவனுக்கு மறக்கவில்லை.

1923-இல் ஒன்பது வயதில் பாலைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அப்பாவை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. 1929-இல் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சலில் இறந்து கொல்லிமலையிலேயே புதைக்கப்பட்டார். பால் பிராண்ட் அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் மருத்துவர் ராபர்ட் கோக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்க் காட்டினார். மடங்கிப்போன அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்தபோது பிராண்டுக்கு ஒரு வியப்பு. விரல் இழந்த கை இறுக்கிப் பிடித்தது, அதில் வலு இருந்தது. அப்படியானால் விரல் ஏன் போயிற்று?

அவரும் உடன் இருந்தவர்களும் வருடக்கணக்காகத் தேடிக் கண்ட விடை, மருத்துவ வரலாற்றை மாற்றியது. தொழுநோய் விரலைத் தின்பதில்லை. அது நரம்பைக் கெடுத்து வலியை எடுத்துவிடுகிறது. வலி போன கை கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிக்கும், ஆணியில் கிழியும், புண் ஆறுவதற்குள் மறுபடி அடிபடும். பிராண்டால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்தான், பார்த்தால் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவன் அறியவில்லை. இரவில் தூங்கப் போனவர் காலையில் விரல் துண்டு குறைந்து எழுந்த மர்மத்துக்காக விழித்திருந்து காவல் பார்த்தபோது, எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது. வலியிருந்தால் கையை உதறியிருப்பார்கள். பிறகு விடுதியில் பூனை வளர்த்தார்கள்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது நோயாளிகள் தங்கள் கையைப் பற்றிப் பேசிய விதம். அந்தக் கை தங்களுடையது என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பயன்படுத்துகிற ஒரு கருவி, அவ்வளவுதான். கருவி தேய்ந்தால் யாரும் அழுவதில்லை. உணர்ச்சி இல்லாத இடத்தில் உரிமையும் இல்லாமல் போகிறது. ஊர் அவர்களைத் தள்ளியது ஒரு அந்நியம், தன் கையே தனக்கு அயலானது இன்னொரு அந்நியம். தசைநாணை இடம் மாற்றித் தைக்கும் அறுவையால் பிராண்ட் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். அப்படி நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போனவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. கை சீரானதால் பிச்சையும் குறைந்தது. அதனால்தான் வேலூரில் நவ ஜீவ நிலையம் என்ற குடியிருப்பை அமைத்துத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள். அறுவையால் கையைத் திருப்பித் தரலாம், மனிதருக்கு ஊரைத் திருப்பித் தர அறுவை போதாது.

அம்மா ஈவ்லின் வேறு வழியில் போனார். மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்த பிறகு, எழுபதை நெருங்கும் வயதில், தானாகவே மலைக்குத் திரும்பிவிட்டார். மட்டக்குதிரையில் ஏறி மலை மலையாக அலைந்து 1974-இல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கும் இடம்.

அவர் இறந்த அந்தப் பத்தாண்டுகளில்தான் மலையில் அடுத்த பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அது காட்டுக்குள் நடக்கவில்லை, கொல்லைக்காட்டில் நடந்தது.

இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் மாவும் நின்றுபோனபோது, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். தொழில் வேர்பிடித்துச் சேலம், ராசிபுரம், நாமக்கல் வட்டாரமெங்கும் ஆலைகள் பெருகின. 1981-இல் ஆலைக்காரர்களுக்கான கூட்டுறவு அமைப்பாகச் சேகோசர்வ் வந்தது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் லாரி ஏறத் தொடங்கிய பிறகு கொல்லிமலைக்கும் அந்த ஆலைகளுக்கும் நடுவே இருந்த தூரம் போய்விட்டது.

அதுவரை மேட்டுக்காட்டில் என்ன இருந்தது? சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு. வெறும் சாமை என்று சொன்னால் மலைப்பெண்களுக்குப் போதாது. பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திரிகுலாச்சாமை, சடஞ்சாமை என்று எந்தக் காட்டுக்கு எது, மழை தள்ளிப்போனால் எது என்ற அறிவு இருந்தது. தினையில் செந்தினை, பாலந்தினை, மூக்காந்தினை. கேழ்வரகில் சுரட்டைக்கேழ்வரகு, காரக்கேழ்வரகு. அறுவடைக்கு முன் நல்ல கதிராகப் பார்த்து எடுத்து, உலர்த்தி, சாம்பலோ வேப்பிலையோ கலந்து அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைப்பவர்கள் பெண்கள். எந்தப் பெண் வீட்டில் எந்த விதை இருக்கும் என்று ஊருக்குத் தெரியும். விதை கடையில் வாங்கும் பொருளாக இல்லை.

இதை நான் பொன்னுலகமாகத் தீட்ட விரும்பவில்லை. சாமையை உமி நீக்கிச் சோறாக்குவது கொடிய வேலை. உரலில் இட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு பொழுது போகும். அந்த வேலை முழுதும் பெண்கள் தோளில். ரேஷன் கடையில் அரிசி வந்தபோது அவர்கள் உலக்கையை மூலையில் சாத்தியதைக் குறை சொல்ல நகரத்தில் உட்கார்ந்து எழுதுபவருக்கு உரிமை இல்லை. 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் இலவசமாகவும் அரிசி வந்தது, பசி தீர்த்தது. மரவள்ளிப் பணத்தில் பிள்ளைகள் படித்தார்கள், ஓடு போட்ட வீடு வந்தது. இவையும் வரலாறுதான்.

ஆனால் மரவள்ளிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். கரணை நட்டு, பத்து மாதம் களை வெட்டி, பிடுங்கி, லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். விலை மலையில் இல்லை. ஆலையில் கிழங்கின் மாவுச்சத்தை அளந்து இத்தனை பாயிண்ட் என்கிறார்கள். பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. அளக்கும் தராசு ஆலைக்காரருடையது, பாயிண்ட்டுக்கு விலை சொல்வது வியாபாரி. கிழங்கு ஒரு நாள் தாமதமானாலும் கருத்துப்போகும், அதனால் பேரம் பேச நேரம் கிடையாது. பல குடும்பங்கள் அறுவடைக்கு முன்பே முன்பணம் வாங்கியிருப்பார்கள், யாரிடம் விற்பது என்பதும் அப்போதே முடிவாகிவிடுகிறது. கீழே கிழங்கு அரைபட்டு, பால் தொட்டியில் தெளிந்து, மாவு குருணையாகி, சூடான தட்டில் வறுபட்டு, வெயிலில் காய்ந்து, மகாராஷ்டிரத்தில் விரத நாள் உணவாகப் போய்ச் சேருகிறது. விளைவித்தவர் வீட்டில் அன்று ரேஷன் அரிசிச் சோறு.

1844-இல் மார்க்ஸ் எழுதியது இதுதான். உழைப்பவன் உண்டாக்கிய பொருள் அவனிடமிருந்து பிரிந்து, அவனுக்கு எதிரே ஒரு தனிச் சக்தியாக நிற்கிறது. அவன் எவ்வளவு அதிகம் உண்டாக்குகிறானோ அவ்வளவு அதிகம் அதற்குக் கட்டுப்படுகிறான். செய்யும் வேலையும் அவனுடையதாக இல்லை. தன் இனத்துக்கே உரிய படைப்பாற்றலிலிருந்தும் சக மனிதரிடமிருந்தும் பிரிகிறான். மார்க்ஸ் கண்முன் வைத்திருந்தது ஆலைத் தொழிலாளியை. கொல்லிமலைக்காரர் ஆலைக்குள் காலே வைக்கவில்லை, காடு இன்னும் அவர் பெயரில்தான் பட்டாவாக இருக்கிறது, ஆனாலும் ஆலையின் நேரம் அவர் காட்டுக்குள் ஏறிவந்துவிட்டது. சரிவான நிலத்தில் கிழங்கைப் பிடுங்கும்போது மேல்மண்ணும் கூடவே போகிறது. மண் இளைக்க உரம், உரத்துக்குக் கடன். சாமை விதைக்காத காட்டில் சாமை விதை இருக்காது. இரண்டு தலைமுறை போனால் கட்டவெட்டிச்சாமை என்ற பெயர் மட்டும் பாட்டியிடம் இருக்கும்.

பால் பிராண்டின் கண்டுபிடிப்பு இங்கேதான் எனக்கு உதவுகிறது. 1959-இல் மெல்வின் சீமன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் அந்நியமாதலுக்கு ஐந்து பொருள் சொன்னார்: சக்தியின்மை, பொருளின்மை, நெறியின்மை, தனிமை, தன்னிடமிருந்தே விலகல். ஆய்வுகளில் இன்றும் புழங்கும் பட்டியல் இது. மக்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, நீங்கள் இதை எவ்வளவு உணர்கிறீர்கள் என்று கேட்டு அளக்கிறார்கள். அளவிடும் முறையின் அடிப்படையே தவறு என்று சொல்வேன். உணர்கிறவர் இன்னும் முழுதாக அந்நியப்படவில்லை. விரல் போகும்போது வலிக்காததுதான் தொழுநோயின் கொடுமை. மலையில் விதைகள் போனபோதும் யாரும் கூச்சலிடவில்லை. அந்த ஆண்டு கிழங்குக்கு நல்ல விலை இருந்தது.

வலியை முதலில் உணர்ந்தவர்கள் சிலர் இருந்தார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் கொல்லிமலையில் சிறுதானியப் பணியைத் தொடங்கியபோது அழிவிலிருந்து மீட்க வேண்டிய விதைகளைத் தேடி ஊர் ஊராகப் போனது. எங்கிருந்து கிடைத்தன என்றால், விற்பதற்கில்லாமல் ஒரு ஓரத்துக் காட்டில் விடாமல் போட்டுவந்த பெண்களிடமிருந்து. ஊர் விதை வங்கிகள் அமைந்தன. முக்கியமான மாற்றத்தைக் கொண்டுவந்தது உமி நீக்கும் இயந்திரம். உலக்கைக்கு விடுதலை கொடுத்த பிறகுதான் சாமைக்கு மறுவாழ்வு பேச முடிந்தது. மலைமக்களின் வேளாண் பல்லுயிர் பாதுகாப்போர் கூட்டமைப்பு உருவாகி, தாங்களே தானியம் வாங்கி, அரைத்து, பொட்டலமிட்டு விற்கிறார்கள். 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்தில் சாமைக்கு மவுசு கூடியது. அந்த மவுசின் லாபத்தில் எவ்வளவு மலையேறுகிறது என்பதைச் சாமை வாங்கும் நாம் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

சாமையைவிட நிலம் அவசரமான விஷயம். மேட்டூர் மால்கோ நிறுவனம் மலையுச்சியில் பாக்சைட் வெட்டிய காலம் போயிற்று. இப்போது மிளகும் காபியும் விளையும் காடுகளுக்கும், விடுதி கட்ட ஏற்ற இடங்களுக்கும் கீழேயிருந்து ஆள் வருகிறார்கள். கடனுக்கு ஈடாக, போக்கியமாக, குத்தகையாகத் தொடங்கி, நிலம் கைமாறும் வழி பழையதுதான். தமிழ்நாட்டில், பழங்குடிப் பகுதிகளுக்குச் சிறப்புப் பாதுகாப்பு தரும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எந்த மலையும் அறிவிக்கப்படவில்லை. அதனால் அத்தகைய பகுதிகளின் ஊராட்சிகளுக்கான 1996-இன் பெசா சட்டமும் இங்கே இல்லை. 1917-இல் மாகாணத்தின் வடக்கு மலைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பு, ஆந்திரத்தில் 1959, 1970 ஒழுங்குமுறைகளாக வலுப்பெற்றது. 1997-இல் உச்ச நீதிமன்றம் சமதா வழக்கில் அதை உறுதிசெய்தது. கேரளம் 1975-இல் பழங்குடி நிலத்தை மாற்றத் தடையும் மீட்கும் வழியும் கொண்ட சட்டம் இயற்றியது. அதை நடைமுறைப்படுத்த அட்டப்பாடி மக்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். 1999-இல் அதை நீர்த்துப்போகவும் செய்தார்கள். சட்டம் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கு நம்மூர்ப் பஞ்சமி நிலமே சாட்சி: 1892-இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிபந்தனையோடு கொடுத்த நிலம் எவ்வளவு கைமாறிவிட்டது! ஆனால் சட்டம் இருந்தால் நீதிமன்றத்தில் காட்ட ஒரு காகிதமாவது இருக்கும். 2006-இன் வன உரிமைச் சட்டப்படி பட்டா வழங்குவதற்கே தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற ஆணையின் தடை பல ஆண்டுகள் நின்று, 2016-இல்தான் விலகியது.

ஆகவே இந்தத் தொடரின் வாசகர்களிடம், அதிலும் வழக்கறிஞர்களாகவும் சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தெரிந்தவர்களாகவும் இருப்பவர்களிடம், ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டின் மலைகளில் பழங்குடியினர் நிலம் பழங்குடியல்லாதவருக்கு மாறுவதைத் தடுக்கவும், ஏமாற்றிப் பெற்றதை மீட்கவும் ஒரு தனிச்சட்டம் வேண்டும். கொல்லி, கல்வராயன், ஜவ்வாது, பச்சைமலை, சேர்வராயன் எல்லாவற்றுக்கும் சேர்த்து வேண்டும். பக்கத்து மாநிலங்களில் அரை நூற்றாண்டாக இருப்பதைத்தான் கேட்கிறோம். கேளுங்கள், எழுதுங்கள், உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

(தொடரும்)